காப் வென்னின் பற்களும் ஆட்டுக் காலேஜும்

இந்தக் கதையைப் பற்களிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. காபிக்குத் தண்ணீர் வைத்துவிட்டுத் தெருப்பக்க ஜன்னலைத் திறக்கிறேன், எதிரே பற்கள். வரிசையாக, பளிச்சென்று, ஒவ்வொன்றும் சோப்புக்கட்டி அளவுக்கு. கையிலிருந்த சர்க்கரை டப்பா நழுவியே விட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் பற்களுக்கு மேலே மூக்கு, மூக்குக்கு மேலே கறுப்புக் கண்ணாடி, அதற்கும் மேலே சாயம் பூசிய முடி. எங்கள் ஊர்த் தலைவர் வெனான்சியோ! ஊர்த் தலைவரை எங்கள் பக்கத்தில் காப் என்றுதான் கூப்பிடுவோம், அதனால் இவர் காப் வென். இரண்டு தென்னை மரங்களுக்கு நடுவே, ரோட்டுக்குக் குறுக்கே அவரைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பேனராகத்தான்.

அந்தப் பற்களில் பாதி அவருடையவை அல்ல. இலோயிலோ நகரத்தில் பேனர் அடிக்கும் கடைக்காரன் கம்ப்யூட்டரில் நட்டுக் கொடுத்தவை.

பலாப்பழம் அளவு இருந்த அந்த முகத்துக்குப் பக்கத்தில், மாங்காய் அளவில் இன்னொரு முகம். தொப்பியும் அங்கியும் போட்ட ஒரு சின்னப் பெண். அவளுக்கு முன்பற்கள் இரண்டைக் காணோம். கீழே கொட்டை எழுத்தில், "வாழ்த்துகள் ஜுவலின்! மணிலாவின் மாபெரும் பல்கலைக்கழகத் தேர்வில் வெற்றி! எங்கள் ஊரின் வருங்கால டாக்டர்! அன்புடன், என்றும் உங்கள் காப் வென்" என்று எழுதியிருந்தது.

ஜுவலின் என் ஞானப்பெண். ஞானஸ்நானத்தின்போது அவளை நான்தான் கையில் ஏந்தி நின்றேன், அதனால் என்னை நினாங் என்று கூப்பிடுவாள். ஊரில் பாதிப் பேருக்கு நான் நினாங்தான், கிறிஸ்துமஸ் வந்தால் என் பர்ஸ் படும் பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் ஜுவலின் எனக்குக் கொஞ்சம் அதிகம். வயது பதினெட்டு. முன்பற்கள் எல்லாம் முளைத்து நீண்ட காலம் ஆகிவிட்டது. பேனரில் இருந்தது பாலர் வகுப்பு முடித்தபோது எடுத்த படம். காப் வென் அவளுடைய தாய்மாமன்தான், ஆனாலும் அவருடைய கைபேசியில் மருமகள் படம் என்று அது ஒன்றுதான் இருந்ததாம்.

அவளுடைய அம்மா நெனித்தா அன்று காலையிலேயே ஓடி வந்தாள். தலையில் இன்னும் முடி சுருட்டும் உருளைகள். எங்கள் பக்கத்தில் அக்காவை மனாங் என்றும் அண்ணனை மனோங் என்றும் கூப்பிடுவோம்.

"மனாங் பாசிங், பாத்தீங்களா? பாத்தீங்களா?"

"பாக்காம எப்படி இருக்க முடியும்? ஜன்னலைத் தொறந்தா உங்க அண்ணன் வாய்க்குள்ளதான் எட்டிப் பாக்கணும்."

"கேலி பண்ணாதீங்க. நேத்து மத்தியானம்தான் ரிசல்ட் வந்துது. மனோங் வென்கிட்ட ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான். சாயங்காலமே டவுனுக்குப் போயி அடிச்சுட்டு வந்துட்டார்! கூடப்பொறந்த பாசம்."

"பாசந்தான். ஊர்த் தேர்தல் வருதுல்ல, பாசம் பொங்கத்தான் செய்யும்."

அவள் காதில் விழவில்லை. பேனரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாட்டுக் குழுவில் முதல் வரிசையில் நிற்கிறவள் நெனித்தா. அவளுக்குப் பக்கத்தில் நிற்கும் கொன்சிங்கின் மகன் கப்பலில் என்ஜினியர், மகள் துபாயில் நர்ஸ். ஒவ்வொரு ஞாயிறும் கொன்சிங்கின் பெருமையைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன காதுக்கு, இந்த பேனர் மருந்து போட்ட மாதிரி இருந்திருக்கும். நானும் கேலியை நிறுத்திக்கொண்டேன். காபி கொடுத்தேன்.

சிக்கல் புதன்கிழமை வந்தது.

ஜுவலின் இரண்டு இடங்களுக்குத் தேர்வு எழுதியிருந்தாள் என்பது நெனித்தாவுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். மணிலாவுக்கு எழுதியது அம்மாவுக்காக. இன்னொன்றை அவளாகவே எழுதினாள். எங்கள் ஊர் மினி பஸ்ஸான ஜீப்னியில் போனால் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம், அந்த அரசுக் கல்லூரியில். நல்ல பெயர் ஒன்று பலகையில் உண்டு, ஆனால் எங்கள் பக்கத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. சுற்றுச்சுவர் இல்லாததால் அக்கம்பக்கத்து ஆடுகள் எல்லாம் அங்கேதான் மேயும். ஆட்டுக் காலேஜ் என்று சொன்னால்தான் ஜீப்னிக்காரனே நிறுத்துவான்.

அன்று மத்தியானம் அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. துவரையும் பலாக்காயும் போட்டு நெனித்தா வைக்கும் பன்றிக் குழம்புக்கு நான் எந்த வேலையையும் போட்டுவிட்டுப் போவேன். தட்டில் சோறு விழுந்ததும் ஜுவலின் கைபேசியை மேசைமேல் வைத்தாள்.

"அம்மா, ஆட்டுக் காலேஜ்லயும் கெடச்சிருச்சு. பயாலஜி."

"அப்படியா, சந்தோஷம். குழம்பு ஊத்திக்க."

"நான் அங்கதான் போறேன்மா."

நெனித்தாவின் கையில் கரண்டி அந்தரத்தில் நின்றது. அப்பா பெபிட்டோ உடனே தட்டுக்குள் குனிந்துகொண்டார். டிரைசிக்கிள், அதாவது எங்கள் ஊர் ஆட்டோ, ஓட்டுகிறவர், நல்ல மனுஷன். கடைசியாக யார் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம்தான் எப்போதும் நிற்பார்.

"என்ன சொன்னே?"

"அங்க ஃபீஸ் கிடையாதும்மா. அரசாங்கமே கட்டிடும். மணிலாவுல ஃபீஸ் போக ரூம் வாடகை, சாப்பாடு, பஸ்ஸு. அங்க தண்ணிகூடக் காசு குடுத்துத்தான் குடிக்கணும்."

"அதுக்குத்தான் வயலை அடகு வெக்கறோம்ல? வெள்ளிக்கிழமை மில்லுக்காரர் வரார். பேசி முடிச்சாச்சு."

"அதாம்மா வேணாங்கறேன். நல்லா கேளு. இப்பப் படிக்கப்போறது டாக்டர் படிப்பே இல்ல. ப்ரீ-மெட். முதல்ல நாலு வருஷம் ஏதாவது ஒரு டிகிரி முடிக்கணும். அப்புறம்தான் நிஜமான டாக்டர் காலேஜ், அது இன்னும் நாலு வருஷம், அதுக்குத்தான் பெரிய செலவு. இப்பவே வயலை வெச்சுட்டா அப்ப எதை வெப்போம்? அப்பாவையா?"

பெபிட்டோ நிமிர்ந்தார். "பொண்ணு சொல்றதும் சரிதான்."

"நீங்க சும்மா இருங்க!"

"சரிதான்" என்று மறுபடி குனிந்தார்.

"டாக்டர் காலேஜ்ல எந்த ஊர்ல டிகிரி வாங்கினேன்னு பாக்க மாட்டாங்கம்மா. மார்க்கப் பாப்பாங்க, நுழைவுப் பரீட்சையப் பாப்பாங்க. நான் நேர்ல போயி லேப்பைப் பாத்துட்டு வந்தேன். மைக்ராஸ்கோப் பழசுதான், ஆனா ஆளுக்கு ஒண்ணு இருக்கு. அங்க பயாலஜி முடிச்சிட்டு எத்தன பேரு டாக்டருக்குப் போயிருக்காங்கன்னு அந்த மேடத்துக்கிட்டயே கேட்டேன். விரல் விட்டு எண்ணிப் பேரைச் சொன்னாங்க, ரெண்டு கையும் பத்தல."

நெனித்தா கரண்டியைக் கீழே வைத்தாள். ஜன்னல் பக்கம் கையை நீட்டினாள். அங்கிருந்தும் பேனரின் ஒரு ஓரம் தெரிந்தது, மாமனின் காது.

"அதுல மணிலான்னு போட்டிருக்கே!"

"போட்டிருந்தா?"

"போட்டிருந்தாவா? ஊரே படிச்சாச்சு, இன்டாய், என் பொண்ணே! பக்கத்து ஊர் ஜீப்னிக்காரன்கூட நிறுத்தி வாழ்த்து சொல்லிட்டுப் போறான். நாளைக்கு நீ ஆட்டுக் காலேஜ் யூனிபார்ம் போட்டுக்கிட்டு அந்த பேனருக்குக் கீழ நின்னு ஜீப்னி ஏறுவியா? கொன்சிங் என்ன சொல்லுவா? மணிலா மணிலான்னாங்க, கடைசியில ஆடு மேய்க்கப் போயிட்டான்னு பாட்டே கட்டிடுவா! மனாங் பாசிங், நீங்களாவது சொல்லுங்களேன்."

எனக்கு வாயில் பலாக்காய். "நான் என்னத்தச் சொல்ல? குழம்பு நல்லாருக்கு" என்றேன்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள அங்க போயி இடத்தை உறுதி பண்ணணும்மா. இல்லன்னா வேற யாருக்காவது குடுத்துடுவாங்க" என்றாள் ஜுவலின்.

"குடுக்கட்டும்."

சாப்பாடு அதோடு முடிந்தது. பெபிட்டோ மட்டும் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.

இதற்கிடையே பேனர் தன் வேலையை ஆரம்பித்துவிட்டிருந்தது. எங்கள் ஊர் ஜனங்களுக்கு "வருங்கால" என்ற சொல் கண்ணில் படவே இல்லை, "டாக்டர்" மட்டும்தான் பட்டது. புதன் சாயங்காலம் நெனித்தா வீட்டு வாசலில் வரிசை நிற்கிறது. முதலில் இஸ்கோ. கையில் அவருடைய சண்டைச் சேவல். அதன் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"டாக்டரம்மா, ஞாயித்துக்கெழமை இவனுக்குச் சண்டை இருக்கு. அதுக்குள்ள கண்ணு தொறக்கணும்."

"தாத்தா, நான் இன்னும் காலேஜுக்கே போகல."

"அதனால என்ன, சேவல் மட்டும் போயிருக்கா? சும்மா பாரு."

அடுத்தது கொன்சிங். வயிற்றில் வாயு. எத்தனை மணிக்கு வருகிறது, எந்தப் பக்கமாகப் போகிறது என்று எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னாள், வரிசையில் நின்ற மற்றவர்களும் கூர்ந்து கேட்டார்கள். ஜுவலின் பாவம், "சுகாதார நிலையத்துல டாக்டர் இருக்கார், அங்க போங்க" என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். "அவர் அடுத்த ஊர்க்காரர், நீ நம்ம பொண்ணு" என்றார்கள். கூட்டம் கலையட்டும் என்று நானும் கடைசியில் நின்றேன். நின்றதுதான் நின்றோம் என்று என் முழங்காலையும் காட்டினேன்.

"நினாங், நீங்களுமா?"

"வந்தது வந்துட்டேன். படியேறினா மட்டும்தான் வலிக்குது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உடனே கண்ணும் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா நினாங், நான் டாக்டர் ஆகறதுக்குள்ள அந்த பேனர் என்னை டாக்டர் ஆக்கிருச்சு. அது அங்க தொங்கறவரைக்கும் அம்மா மனசு மாற மாட்டாங்க. அது இருந்தா வயல் போயிடும். வயல் போச்சுன்னா டாக்டர் படிப்புக்குக் காசில்லாம நான் பயாலஜி டீச்சராவே நிக்க வேண்டியதுதான்."

"உங்க மாமாகிட்ட எறக்கச் சொல்லிக் கேக்கலாம் வா" என்று நான் அவளைக் கையோடு இழுத்துப் போனேன்.

காப் வென் தன் வீட்டு முற்றத்தில் ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார். அவர் சாதாரணமாகப் பேசியே பல வருஷம் ஆகிறது. உப்பு கேட்பதென்றாலும் மேடையில் கேட்பதுபோலத்தான் கேட்பார்.

"எறக்கறதா? மக்கள் சொத்து அது, மனாங் பாசிங்! என்னை நம்பி வாக்களித்த, வாக்களிக்கப்போகிற, என் அருமை..."

"மைக்கை அணைச்சிட்டுப் பேசு, வென். தெரு முழுக்கக் கேக்குது."

அணைத்தார். குரல் மட்டும் குறையவில்லை. "தேர்தல் முடியறவரைக்கும் அது அங்கதான் இருக்கும். மருமக பேரு இருக்குற எடத்துல மாமன் பேரும் இருக்கு, இதுல என்ன தப்பு?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜுவலின் முந்திக்கொண்டாள். முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு சொன்னாள்:

"தப்பே இல்ல மாமா. உங்க முகம்தான் ரொம்பச் சின்னதா வந்திருக்கு."

காப் வென் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "சின்னதாவா இருக்கு?"

"ரோட்டோட அந்த முனையில இருந்து பாத்தா உங்களைத் தெரியவே இல்ல மாமா. என் மூஞ்சி எடத்தை அடைக்குது. காசு போட்டது நீங்க, ஜனங்க பாக்கறது என் ஓட்டைப் பல்லை. இஸ்கோ தாத்தாகூடக் கேட்டாரு, பக்கத்துல இருக்கறது யாருன்னு."

"என்னையா யாருன்னு கேட்டான் அந்தச் சேவல்காரன்?"

"அதான் சொல்றேன். பெருசா ஒண்ணு போடுங்க. நான் ஒரு ஓரமா இருந்துக்கறேன். உங்க வாக்குறுதி எல்லாம் போடுங்க, வேட்பாளர் நம்பரையும் போடுங்க. ஜனங்களுக்கு ஞாபகம் இருக்கும்."

நான் அவளை முறைத்தேன். இறக்கச் சொல்ல வந்தவள் ஏற்றச் சொல்கிறாள். திரும்பி வரும் வழியெல்லாம், "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். "இருங்க நினாங்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

வியாழக்கிழமை காலையில் நான் ஜன்னலைத் திறக்கப் பயந்தேன். திறந்தால் வெளிச்சமே வரவில்லை. புது பேனர் என் வீட்டுக்கு நேரே வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது. காப் வென்னின் முகம் மட்டும் ஜீப்னி அகலம். பற்கள் ஒவ்வொன்றும் இப்போது தலையணை அளவு. "மறுபடியும் காப் வென்! நமக்கு வேண்டும் காப் வென்!" என்று மூன்று நிறத்தில். ஜுவலின் கீழே வலது மூலையில், பொடி எழுத்தில் பழைய மணிலா வாழ்த்தோடு, எலுமிச்சம்பழம் அளவில் இருந்தாள், அதிலும் பாதியைத் தென்னை ஓலை மறைத்துக்கொண்டிருந்தது.

காப் வென் நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்து தன்னையே ரசித்துக்கொண்டிருந்தார். நெனித்தாவும் வந்திருந்தாள். அவள் முகத்தில் செவ்வாய்க்கிழமைச் சந்தோஷம் இல்லை. எதையோ தேடுகிறவள்போல பேனரை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து மணி வாக்கில் ஒரு லாரி வந்து நின்றது. அதில் ஏணி, கத்தி, சுருட்டி வைத்த பழைய பேனர்கள், அத்தனையிலும் யார் யாருடைய பற்களோ. லாரியிலிருந்து இறங்கியவள் ஒல்லியான ஒரு பெண், கழுத்தில் தேர்தல் அலுவலக அட்டை. பேனரை அண்ணாந்து பார்த்தாள். அப்புறம் அளவு நாடாவை எடுத்தாள், ஒரு முறை பேனரைப் பார்த்துவிட்டு நாடாவை மறுபடி பைக்குள்ளேயே போட்டுக்கொண்டாள்.

"இதுக்கு நாடாவே பத்தாது. எறக்குங்கப்பா."

காப் வென் துள்ளி எழுந்தார். "யாரம்மா நீ? யாரு பேனர்னு தெரியுமா?"

"தெரியுது சார். அடுத்த ஊர்ல இருந்தே தெரிஞ்சுது. இன்னையிலேர்ந்து பிரசாரக் காலம். வேட்பாளர் படம் ரெண்டடிக்கு மூணடிக்கு மேல இருக்கக் கூடாது. ரோட்டுக்குக் குறுக்கயும் கட்டக் கூடாது."

"இது பிரசாரமே இல்லம்மா! வாழ்த்து பேனர்! என் மருமகளுக்கு வாழ்த்து!"

"எங்க சார் மருமக?"

ஊர் மொத்தமும் அண்ணாந்து தேடியது. இஸ்கோ சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தேடினார். கொன்சிங் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினாள். காப் வென் தானே பேனருக்குக் கீழே போய்க் குதித்துக் குதித்து ஒரு மூலையைக் காட்டினார்.

"இதோ! இதோ இருக்கா! ஓலையை வெலக்கிப் பாரும்மா!"

ஏணியில் ஏறியவன் ஓலையை விலக்கினான். "ஆமாம் மேடம், ஒரு கொழந்தை இருக்கு."

"இந்தக் கொழந்தைக்கா வாழ்த்து?" என்றாள் அந்தப் பெண்.

"அது கொழந்தை இல்ல, டாக்டர்!" என்றார் காப் வென்.

"அபாவ்!" என்று கூட்டத்தில் யாரோ வாயைப் பிளந்தார்கள், அதோடு எல்லோருமே சிரித்துவிட்டார்கள். தேர்தல் அலுவலகப் பெண்ணும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சரி சார். வாழ்த்து பேனர்னு சொல்றீங்க. வேட்பாளர் படம், பேரு, நம்பர், இது மூணையும் மட்டும் வெட்டி எடுத்துடறோம். மிச்சம் இருக்கறது வாழ்த்து. அதை நீங்க எங்க வேணாலும் கட்டிக்கலாம். நியாயந்தானே?"

நியாயத்துக்கு எதிராக ஒலிபெருக்கியிலும் பேச முடியாது. இரண்டு பேர் பேனரை இறக்கி ரோட்டில் விரித்தார்கள். கத்தி காப் வென்னின் இடது காதில் இறங்கிக் கழுத்தைச் சுற்றி ஓடியது, அவர் கண்ணை மூடிக்கொண்டார். வாக்குறுதிகள் போயின. மூன்று நிற எழுத்துகள் போயின. வெட்டி முடித்ததும் அந்தப் பெண் மிச்சத்தை எடுத்து, சுற்றிலும் பார்த்து, "இந்தக் கொழந்தையோட அம்மா யாரு?" என்று கேட்டு நெனித்தாவின் கையில் கொடுத்தாள்.

நெனித்தா அதை விரித்துப் பார்த்தாள். தலையணை உறை அளவுகூட வராது. அதில் முன்பல் இல்லாத ஒரு குழந்தை, "மணிலா" என்ற வார்த்தையில் பாதி.

ரோட்டில் கிடந்த பெரிய துண்டைப் பார்த்தாள். கையிலிருந்த சின்னத் துண்டைப் பார்த்தாள். எங்கள் நெனித்தா பூசையில் உச்ச சுருதியில் பாடுகிறவள். அந்தக் குரலை அன்றைக்கு அண்ணனிடம் எடுத்தாள்.

"மனோங்! இவ்வளவுதானா என் பொண்ணு? இந்தத் துண்டா?"

"இல்ல நெனி, டிசைன்ல..."

"இதுக்குப் பயந்தா நான் வயலை அடகு வெக்க இருந்தேன்? இந்தக் கைக்குட்டைக்கா? மூணு நாளா தூக்கமில்ல எனக்கு! ஊரே பாக்குது, ஊரே பாக்குதுன்னு நெனச்சேன். ஊரு பாத்தது உன் பல்லை! அதுவும் உன் பல்லு இல்ல!"

"பொது எடத்துல பல்லைப் பத்திப் பேசாத..."

"பேசுவேன்! கொன்சிங்! இங்க வா!"

கொன்சிங் பயந்துபோய் முன்னால் வந்தாள். வாயுகூட நின்றுபோயிருக்கும்.

"என் பொண்ணு ஆட்டுக் காலேஜுக்குப் போறா. பயாலஜி. ஃபீஸ் கிடையாது. நாலு வருஷம் கழிச்சு வயலை அடகு வெச்சு டாக்டருக்குப் படிக்க வெப்பேன். என்ன சொல்ற?"

"நான் என்ன சொல்லப்போறேன்? நல்லதுதானே" என்றாள் கொன்சிங். கொஞ்சம் யோசித்து, குரலைத் தாழ்த்தி, "என் மகன் படிச்ச கடனை இன்னும் கட்டிட்டுத்தான் இருக்கோம், நெனி. சொல்லிக்கல" என்றாள். அவ்வளவு காலம் பக்கத்தில் நின்று பாடியும், அன்றுதான் அவள் அதைச் சொல்லி நாங்கள் கேட்டோம்.

பெபிட்டோ டிரைசிக்கிளில் உட்கார்ந்தபடியே, "நெனி சொல்றதும் சரிதான்" என்றார். வாழ்க்கையில் முதல் முறையாக எல்லோரும் அவரோடு ஒத்துப்போனார்கள்.

நான் ஜுவலினைத் தேடினேன். என் வீட்டு வேலியோரம் நின்று, ரொம்பக் கவனமாக ஒரு செம்பருத்திப் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து மாமாகிட்ட ஏன் அப்படிச் சொன்னேன்னு இப்பச் சொல்லு."

"எப்படிச் சொன்னேன்?"

"ஏய்."

"எங்க சமூக அறிவியல் டீச்சர் தேர்தல் வேலைக்குப் போறவங்க, நினாங். அளவுக்கு மீறின பேனரை வியாழக்கிழமை எறக்கப்போறோம்னு வகுப்புல சொன்னாங்க. பழசுல மாமா முகமும் என் முகமும் இருந்துச்சு, வாழ்த்துன்னு சொல்லித் தப்பிச்சிருப்பாரு. அதான் கொஞ்சம் பெருசாக்கச் சொன்னேன்."

"அம்மா அப்படிக் கத்துவாங்கன்னும் தெரியுமா?"

"அது தெரியாது" என்றாள். "பேனர் போனா போதும்னுதான் நெனச்சேன்."

வெள்ளிக்கிழமை காலையில் அம்மாவும் மகளும் முதல் ஜீப்னியிலேயே கிளம்பிவிட்டார்கள். நெனித்தா பூசைக்குப் போடும் பூ வைத்த தொப்பியோடு போனாள். மில்லுக்காரர் வந்து பூட்டிய கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு என் வீட்டுக்கு வந்தார்.

"வயல் விஷயமா வரச் சொல்லியிருந்தாங்களே?"

"வயல் அங்கயேதான் இருக்கு, எங்கயும் போகல. நீங்க ஒரு காபி குடிச்சிட்டுப் போங்க" என்றேன்.

சாயங்காலம் திரும்பி வந்தார்கள். இடம் உறுதி. நெனித்தாவின் தொப்பியில் மட்டும் பூவைக் காணோம்.

"ஆடு" என்றாள் நெனித்தா. "வரிசையில நிக்கறப்ப பின்னால வந்து தின்னுட்டுது. பிளாஸ்டிக் பூன்னு தெரிஞ்சும் துப்பல." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "ஆனா மைக்ராஸ்கோப்பு நிஜமாவே ஆளுக்கு ஒண்ணு இருக்கு, மனாங். நானும் ஒண்ணுல கண்ணை வெச்சுப் பாத்தேன். வெங்காயத்தோலு. உள்ளே வீடு வீடா இருக்கு."

தேர்தலில் காப் வென் ஜெயித்துவிட்டார். எதிர்த்து நின்றவர் இஸ்கோ, அவருடைய பிரசாரம் முழுவதும் சேவலைப் பற்றியே இருந்தது. காப் வென் இன்னும் தன் பேனரால்தான் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அந்த பேனர் இப்போது எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் மட்டும் ஒலிபெருக்கி கெட்டுப்போய்விடுகிறது.

அது ரோட்டில்தான் இருக்கிறது. லாரியில் இடமில்லை என்று தேர்தல்காரர்கள் அந்தப் பெரிய துண்டை விட்டுப் போனார்கள். அறுவடைக்கு நெல் காயப்போட நெனித்தா அதை எடுத்துவைத்துக்கொண்டாள். ஜீப்னி அகல முகம், ஒரு களத்து நெல்லையே தாங்கும். நேற்றுக் காலையில் ஆட்டுக் காலேஜ் யூனிபார்மில் ஜுவலின் மரப்பலகையால் நெல்லைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள், ஜீப்னி வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. பலகை போகிற வழியில் ஒரு பல் தெரியும், மறையும், இன்னொரு பல் தெரியும்.

காப் வென் மோட்டார் சைக்கிளில் வந்து நிறுத்தினார். முதல் முறையாக மெதுவாகப் பேசினார்.

"நெனி, அதைக் கொஞ்சம் குப்புறப் போட்டுக்கக் கூடாதா?"

"வெயில் பல்லுக்கு நல்லது, மனோங்" என்றாள் நெனித்தா, முறத்தைத் தட்டிக்கொண்டே.

"இல்லம்மா, மாமாவைக் கேலி பண்ணாத" என்றாள் ஜுவலின். குனிந்து கறுப்புக் கண்ணாடி இருக்கும் இடத்திலிருந்து ஒரு பிடி நெல் எடுத்தாள். ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்தாள், டக்கென்று உடைந்தது. இன்னொரு பிடியைப் பற்களின் மேலிருந்து எடுத்துக் கடித்தாள், நசுங்கியது. "பாருங்க மாமா, வெள்ளையில போட்டது இன்னும் ஈரம். உங்க கண்ணாடி மேல போட்டதுதான் முதல்ல காஞ்சிருக்கு. கறுப்பு வெயிலை இழுக்கும்."

காப் வென்னின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "அப்படியா? அடுத்த தடவை கோட்டும் கறுப்பாவே போட்டுக்கட்டுமா?"

"போட்டுக்கங்க" என்றாள் நெனித்தா. "அடுத்த அறுவடைக்கு ஆகும்."

ஜீப்னி வந்தது. ஓட்டுநர் ஹார்ன் அடித்து, "ஆட்டுக் காலேஜ்!" என்று கத்தினான். ஜுவலின் பலகையை அம்மா கையில் கொடுத்துவிட்டு, மாமனின் நெற்றியை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு ஓடிப்போய் ஏறினாள்.